பக்கத்து வீட்டுக் கிழங்கு

“அண்ணன் ரெண்டு தடவை சொன்னாங்கக்கா! ‘நல்லாருக்கும்மா, நல்லாருக்கு’ன்னு!”

பக்கத்து வீட்டு லூர்துமேரி குழாயடியில் வைத்து இப்படிச் சொன்னபோது பொன்னுத்தாயின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குடத்தை நகர்த்த வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்த்தினாள்.

“யாரு, எங்க வீட்டுக்காரரா சொன்னாரு?”

“ஆமாக்கா. நீங்க திருவெள்ளறைக்குப் போயிருந்தீங்கல்ல? அண்ணன் தனியா இருக்காங்களேன்னு இவங்க சாப்பிடக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவசரத்துக்கு ஒரு கிழங்கைப் போட்டுக் குழம்பு வச்சேன். அதுக்குப் போயி அண்ணன் இப்படிச் சொல்றாங்களே!”

பொன்னுத்தாய்க்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அவள் புருஷன் சின்னையா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் வாயைத் திறக்க ரயில்வேயில் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று காலனியில் கேலி பேசுவார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமாக அவள் கையால்தான் சாப்பிடுகிறார். ஒருநாள், ஒரே ஒருநாள், ‘நல்லாருக்கு’ என்று அவர் சொன்னதில்லை. தலைதீபாவளிக்குச் சொல்லவில்லை. இப்போது திருவெள்ளறையில் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிற பெண்கள் இரண்டுக்கும் பேர் வைத்தபோது காய்ச்சிய பாயசத்துக்குச் சொல்லவில்லை. சுபாவமே அப்படி என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள். ஊமையோடு குடும்பம் நடத்துகிறவர்கள் உலகத்தில் இல்லையா?

இப்போது தெரிகிறது, அவர் ஊமை இல்லை. பக்கத்து வீட்டில் அவருக்கு வாய் இருக்கிறது.

லூர்துமேரியும் அவள் புருஷன் இருதயநாதனும் காலனிக்கு வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. வந்தவுடன் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை போட்டாள், பொன்னுத்தாய் பொறுத்துக்கொண்டாள். ரேடியோ வாங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்தாள், அதையும் பொறுத்துக்கொண்டாள். பாட்டைக் காது குளிரக் கேட்டுக்கொண்டே பொறுத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதை எப்படிப் பொறுப்பது?

சாயங்காலம் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, சின்னையா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாரோ இல்லையோ, விசாரணை ஆரம்பமாயிற்று.

“பக்கத்து வீட்டுல சாப்பிட்டீங்களாமே?”

“ம்.”

“கிழங்குக் குழம்பாமே?”

“ம்.”

“என்ன கிழங்கு?”

சின்னையா சற்று யோசித்தார். “கிழங்குதான்.”

“கிழங்குன்னா? சேனையா, சேம்பா, கருணையா, மரவள்ளியா? ஒலகத்துல ஒரு கிழங்குதான் இருக்கா?”

“கொழம்புல கெடந்துச்சு. கிழங்குன்னாங்க. சாப்பிட்டேன்.” சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

லூர்துமேரியிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்பாளா? நேற்று வந்தவளிடம் போய், ‘என் புருஷனுக்குப் பிடித்த கிழங்கு எதுவென்று சொல்லு தாயே’ என்று பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள் நிற்பாளா? அதற்குக் காவிரியில் விழலாம். அந்தக் கிழங்கைத் தானே கண்டுபிடித்து, தானே சமைத்து, அந்த வார்த்தையை அந்த மனுஷன் வாயிலிருந்தே வரவழைப்பதென்று பொன்னுத்தாய் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனாள். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. சந்தையில் பேரம் பாதி, புதுக்காசுச் சண்டை பாதி. கிழங்கு விற்கும் காளியாயி முன்னால் போய் உட்கார்ந்து, சேனையைத் தட்டினாள், சேம்பைக் கிள்ளினாள், ஒன்றும் வாங்காமல் மெல்ல ஆரம்பித்தாள்.

“எங்க பக்கத்து வீட்டம்மா இங்கதான் வாங்குறாங்க போலருக்கு. செவப்பா, கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு...”

“ஆமா, வந்துச்சு.”

“என்ன வாங்குனாங்க?”

“அது என்னத்த வாங்குச்சோ! எல்லாத்தையும் தொட்டுப் பாத்துச்சு, இப்ப நீ பாக்குற மாதிரி. உனக்கு என்ன வேணும், கெழங்கா, பக்கத்து வீடா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொன்னுத்தாய் அவசர அவசரமாகச் சேப்பங்கிழங்கை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

அன்றைக்குச் சேம்பை வேகவைத்து, தோலுரித்து, மிளகாய்ப் பொடியும் உப்பும் பிசறி, எண்ணெயில் முறுக முறுக வறுத்தாள். வாசம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. சின்னையா சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் வை” என்றார். வைத்தாள். “இன்னும் கொஞ்சம்” என்றார். சட்டி காலி. கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

காலிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு பொன்னுத்தாய் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் தவிடு கரைத்து ஊற்றினால் மாடும்தான் காலி பண்ணுகிறது. மாடாவது தலையை ஆட்டும்.

சரி, சேம்பு இல்லை, சேனை. மறுநாள் சேனையை மெல்லிசாகச் சீவி, மிளகு போட்டு வறுத்தாள். தட்டில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. சாப்பிட்டு முடித்ததும் சின்னையாவிடமிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. வார்த்தை வரவில்லை.

அதற்கடுத்து மரவள்ளியைத் துருவி அடை வார்த்தாள். கல்லிலிருந்து எடுக்க எடுக்கத் தட்டிலிருந்து மறைந்தது. அவளுக்கென்று ஒன்றுகூடத் தங்கவில்லை.

“ஏங்க, எப்படி இருக்கு?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

“என்ன எப்படி?”

“அடைதான்!”

“இன்னொண்ணு இருக்கா?” என்றார் சின்னையா.

அன்றிரவு அவளுக்குப் பொருமலில் தூக்கமே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் லூர்துமேரியின் சிரிப்பும் கேட்டன. அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பொன்னுத்தாய்க்குப் பட்டது.

பொறாமை ஒருத்தியை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குக் கணக்கில்லை. விடிந்ததும் விடியாததுமாக அவளைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் குப்பைக்கூடை முன்னால் நிறுத்தியது. தெருவில் யாரும் இல்லை. குச்சியால் கிளறினாள். சாம்பல், காப்பித்தூள், அதற்கடியில் பழுப்பு நிறத்தில் நார் நாராகக் கிழங்குத் தோல். கையில் எடுத்தாள். விரல் நமநமவென்றது.

கருணை! பிடிகருணை!

“என்னக்கா தேடுறீங்க?”

கோலப்பொடிக் கிண்ணத்தோடு லூர்துமேரி வாசலில் நின்றாள்.

“மூக்குத்தி... மூக்குத்தித் திருகாணி விழுந்துருச்சு.”

“எங்க வீட்டுக் குப்பையிலயா?”

“காத்துல பறந்து வந்துருக்கும்னு...”

திருகாணி காற்றில் பறக்குமா என்று லூர்துமேரி கேட்கவில்லை. உட்கார்ந்து கூடவே தேட ஆரம்பித்தாள். அந்த நல்ல குணம்தான் பொன்னுத்தாயை இன்னும் எரிச்சல்படுத்தியது. கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மூக்கில் பத்திரமாக இருந்த திருகாணியைக் கையால் மறைத்துக்கொண்டு அவளும் வெகுநேரம் தேடினாள்.

இனி வேண்டியது கருணை. அதிலும் பழங்கருணை. மண்ணிலிருந்து எடுத்த புதுக்கருணை நாக்கை அறுக்கும். நாள்பட்டுக் காய்ந்து சுருங்கினால்தான் வாய்க்கு ஆகும். பொன்னுத்தாய்க்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காளியாயி வீடு தேடிப் போய்க் கேட்டாள்.

“பழசு தீந்துபோச்சு. இப்ப எடுத்ததுதான் ஈரமண்ணோட கெடக்கு. பழசுதான் வேணும்னா சீரங்கத்துல போய்ப் பாரு” என்றாள் காளியாயி.

பொன்னுத்தாய் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினாள். உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்து சீட்டில் லூர்துமேரி.

“எங்கக்கா போறீங்க?”

கிழங்கு வாங்க என்று சொல்ல நாக்கு வரவில்லை. “கோயிலுக்கு” என்றாள்.

“நல்லதாப் போச்சு! எங்க சின்னம்மா சீரங்கத்துலதான் இருக்காங்க. அவங்களைப் பாக்கத்தான் போறேன். கோயில் வாசல் வரைக்கும் நானும் வரேன். ஒங்களுக்குத் தொணையா இருக்கும்.”

துணை! சித்திரை வீதியில் கிழங்குக் கடை ஒன்று பொன்னுத்தாய் கண்ணில் பட்டது. சுருங்கிய, காய்ந்த, தங்கம் போன்ற பழங்கருணை குவியலாகக் கிடந்தது. கால் தானாக நின்றுவிட்டது.

“வாங்குறீங்களாக்கா? கருணை பாக்க நல்லாருக்கு.”

“இதா? சேச்சே. எங்க வீட்டுல இதையெல்லாம் தொடவே மாட்டோம்” என்றாள் பொன்னுத்தாய்.

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. லூர்துமேரி நகர்ந்தவுடன் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். லூர்துமேரி அவளைக் கோபுர வாசலில் விட்டுவிட்டுச் சின்னம்மா வீட்டுக்குப் போனாள். கோயிலுக்கென்று வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினால் பெருமாள் என்ன நினைப்பார் என்று பொன்னுத்தாயும் உள்ளே போனாள். அங்கே கூட்டம் முட்டி மோதியது. நெருக்கி அடித்துக்கொண்டு ரங்கநாதர் முன்னால் போய் நின்றபோது, அவரும் ஒன்றும் பேசாமல் படுத்திருந்தார். வீட்டிலும் இதே கதைதானே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“சாமி, ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவரு வாயில வரவச்சிரு. அந்தத் திரைபோட்ட ஜன்னல்காரி முன்னால நான் தலை நிமிந்து நடக்கணும்.”

வெளியே வந்தாள். கிழங்குக் கடைக்காரர் பலகைக் கதவைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அங்கேயே நிற்கலாம் என்றால், எதிரே லூர்துமேரி வருகிறாள், சின்னம்மா கொடுத்த மல்லிகைப்பூவோடு.

“ஒங்களுக்காக ஓடி வந்தேன்கா! இந்தாங்க, பாதி ஒங்களுக்கு. வாங்க, பஸ்ஸு நிக்குது.”

தலையில் லூர்துமேரியின் பூ, கையில் வெறும் கூடை. பொன்னுத்தாய் பொன்மலை திரும்பினாள்.

அடுத்த ஞாயிறுவரை பொறுத்திருந்தாள், அதற்குமேல் முடியவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரிக்கும் அப்படித்தான். சந்தையில் காளியாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“புதுசும்மா. அடுப்புக்கு மேல பரண்ல கொஞ்ச நாள் போட்டு வை. இப்பவே கொழம்பு வச்சேன்னா வீட்டுல பேச்சு வார்த்தை இருக்காது.”

“இப்ப மட்டும் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, ஈரமண்ணோடு இருந்த புதுக்கருணையை வாங்கி வந்தாள்.

அரிசி கழுவிய தண்ணீரில் புளியைப் போட்டு வேகவைத்தாள். தோலுரித்தாள். விரலெல்லாம் தடித்துச் சிவந்தது. மசித்துக் குழம்பில் போட்டு, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். ஊசி குத்தியது. அரிப்புக்குப் புளிதான் மருந்து. இன்னொரு எலுமிச்சை அளவு கரைத்து ஊற்றினாள். நாக்கில் விட்டாள். பல் கூசியது. புளிப்புக்கு வெல்லம். வெல்லம் கொஞ்சம் கை தவறிக் கூடுதலாக விழுந்தது. நாக்கில் விட்டாள். பாயசத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. இனிப்பை அடக்க மிளகாய்த்தூள். மிளகாயை அடக்க உப்பு. உப்பை அடக்க மறுபடியும் புளி. சாம்பல் நிறத்தில் இருந்த குழம்பு சிவந்து, பழுத்து, கடைசியில் எஞ்சின் மசகெண்ணெய் நிறத்தில் வந்து நின்றது.

கடைசியாக ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றினாள். புளிப்பு தெரியவில்லை, இனிப்பு தெரியவில்லை, உறைப்பு இல்லை, அரிப்பும் இல்லை. காலையிலிருந்து சொட்டுச் சொட்டாக ருசி பார்த்ததில் நாக்கு கட்டையாகியிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. குறையொன்றும் இல்லாத குழம்பு தன் கையால் அமைந்துவிட்டது என்றே நினைத்தாள். ரங்கநாதர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

சின்னையா மணையில் உட்கார்ந்தார். சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கவளம் உள்ளே போயிற்று. சின்னையா மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார். அவை தடித்துச் சிவந்து, ஒன்றையொன்று சொறிந்துகொண்டிருந்தன. ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

பொன்னுத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சொன்னீங்க?”

“நல்லாருக்கு பொன்னு.”

இரண்டு. லூர்துமேரிக்கும் இரண்டு. சரிசமம் போதுமா?

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நல்லாருக்குன்னு சொல்றேன்ல!”

மூன்று! பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷத்து வார்த்தை ஒரே வேளையில் வந்துவிட்டது. அழுதுகொண்டே கரண்டியை எடுத்தாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துறேன்.”

சின்னையா தட்டின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டார். “வேணாம் வேணாம். வயிறு ரொம்பிருச்சு. செத்த வெளியில போயிட்டு வரேன்.”

மனசு நிறைந்தால் வயிறும் நிறைந்துவிடும் போலிருக்கிறது என்று பொன்னுத்தாய் எண்ணிக்கொண்டாள்.

இதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனாள். சாயங்காலத் தண்ணீருக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள்.

“லூர்து, இந்தா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு. கருணைதான். எங்க வீட்டுக்காரரு மூணு தடவை சொல்லிட்டாரு. மூணு!” விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

லூர்துமேரி விரலால் வழித்து வாயில் வைத்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. முகம் சிவந்தது. குழாயைத் திறந்து கையால் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள்.

“நல்லா... நல்லாருக்குக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பொறாமை! பச்சைப் பொறாமை! கண்ணீர் விடுகிற அளவுக்குப் பொறாமை! பொன்னுத்தாய்க்கு அவள் மேல் இரக்கமே வந்துவிட்டது. பாவம், சின்னஞ்சிறுசு. நாளைக்குக் கூப்பிட்டு வைத்துக் கருணை வைக்கிற பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வீடு திரும்பியபோது வாசலில் நஜிமுதீன் பாய் சைக்கிளில் ஒற்றைக்கால் ஊன்றி நின்றிருந்தார். சின்னையாவோடு ஒரே பெஞ்சில் வேலை பார்ப்பவர். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பாட்டுக் கேரியரைத் திறப்பார்கள்.

“சின்னையா இல்லையா தங்கச்சி?”

“காத்தாட வெளியில போயிருக்காரு பாய். நீங்க உள்ள வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கருணைக்கிழங்குக் கொழம்பு வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“ஒங்க கைச் சாப்பாட்டை வேணாம்பேனா? கொண்டாங்க தங்கச்சி, கொண்டாங்க” என்று பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டினார்.

கிண்ணத்தைக் கொடுக்கப் போன பொன்னுத்தாய்க்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“இதுக்கு என்ன சேதி தெரியுமா பாய்? பன்னெண்டு வருசமா வாயைத் தொறக்காத மனுசன், இன்னிக்கு இதைச் சாப்பிட்டுட்டு ‘நல்லாருக்கு’ன்னு மூணு தடவை சொன்னாரு!”

நஜிமுதீன் பாய் நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அது ஒர்க்‌ஷாப் வாசல் டீயைக் குடிக்க முடியாமக் குடிச்சிட்டு, கடைக்காரன் மனசு நோகக் கூடாதேன்னு அவரு தெனமும் சொல்ற வார்த்தையாச்சே தங்கச்சி; இத்தனை வருசத்துல ஒங்க கேரியரைத் தொறந்து ஒருநாள்கூட அவரு அதைச் சொன்னதில்லையே!”